லென்ஸோட தூங்கிட்டேன், ஒரு கண்ணு மட்டும் செவந்திருக்கு.. மெட்ராஸ் ஐ தானா?

சோடாபுட்டி_நிலா:
சனிக்கிழமை நைட் ட்ரெயின்ல லென்ஸை கழட்டாம அப்டியே தூங்கிட்டேன். இன்னிக்கு மூணாவது நாள், வலது கண்ணு மட்டும் செவசெவன்னு இருக்கு, மணல் விழுந்த மாதிரி வலி, லைட்டை பாத்தா கூசி தண்ணியா கொட்டுது. ஹாஸ்டல்ல மெட்ராஸ் ஐன்னு எல்லாரும் எட்டி நிக்குறாங்க. மெடிக்கல்ல குடுத்த டிராப்ஸ் போட்டதும் சிவப்பு கொஞ்சம் கொறஞ்சுது. நாளைக்கு ப்ரெசென்டேஷன், லென்ஸ் போடலாமா? பவர் மைனஸ் 6 😩

பவர்_பாக்குறவன்:
ஏம்மா, லென்ஸை தொடவே தொடாதீங்க. லென்ஸ் போட்டவங்களுக்கு வலியும் கூச்சமும் வந்தா மெட்ராஸ் ஐன்னு விடக்கூடாது, கருவிழில புண்ணா இருக்கலாம். கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது, காத்துல இருந்துதான் ஆக்சிஜன் எடுக்கும், லென்ஸும் போட்டு கண்ணையும் மூடிட்டா அது எங்க போகும்? சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா, 24-48 மணி நேரத்துல கருவிழியவே கரைச்சிடும். அந்த டிராப்ஸ்ல டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன்னு ஏதாவது போட்டிருக்கா பாருங்க, அது ஸ்டீராய்டு, சிவப்பு கொறையும் ஆனா கிருமிக்கு கொண்டாட்டம். இப்பவே கண் டாக்டர்ட்ட போங்க, லென்ஸ் டப்பாவையும் எடுத்துட்டு போங்க, என்ன கிருமின்னு வளத்து பாக்க (கல்ச்சர்) கேப்பாங்க.

ஒத்தைக்கண்_ஓவியன்:
நான் தூங்கல, பைப் தண்ணில லென்ஸை அலசினேன், அவ்ளோதான். அகாந்தமீபான்னு தண்ணில இருக்குற ஒரு கிருமி கண்ணுல பூந்துடுச்சு. மொதல்ல ஹெர்பிஸ் வைரஸ்னு வைத்தியம் பாத்து ஒரு மாசம் வேஸ்ட், அப்புறம் ராத்திரி பகல்னு மணிக்கொரு தடவை சொட்டு மருந்து, அம்மா அலாரம் வெச்சு எந்திரிச்சு போட்டு விடுவாங்க. ஏழு மாசம் ஆச்சு. இப்ப தழும்பு வழியா ஆள் நிக்கிறது தெரியும், மூஞ்சி தெரியாது. தலைக்கு குளிக்கும்போதும் லென்ஸ் வேணாம்ங்க.

ஜூரோங்_குமார்:
டப்பால லென்ஸ் ஊற வெக்கிற பழைய சொல்யூஷன் மேலயே புதுசை ஊத்துற ஆளுங்க கவனிங்க. நல்ல பிராண்டுனு மட்டும் நம்பி இருக்காதீங்க, 2006ல இங்க சிங்கப்பூர்ல நெறைய பேருக்கு பியுசேரியம்னு பூஞ்சை வந்து, ரீனியூ மாய்ஸ்ச்சர்லாக் சொல்யூஷனை உலகம் பூரா திரும்ப எடுத்தாங்க.

சோடாபுட்டி_நிலா:
போயிட்டு வந்துட்டேன். புண்ணுதான், நல்லவேளை ஓரத்துல இருக்கு. மணிக்கொரு டிராப்ஸ், நாளைக்கு திரும்ப வர சொல்லிருக்காங்க. மெடிக்கல் டிராப்ஸ்ல ஸ்டீராய்டு இருந்துச்சு அண்ணா. டப்பாவை எப்போ மாத்துனீங்கன்னு டாக்டர் கேட்டாரு, மூணு மாசத்துக்கு ஒண்ணு மாத்தணுமாம். ரெண்டு வருஷமா அதேதான்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, ஆறு மாசம்னு சொல்லிட்டேன்.