மேடையில் இருநூறு குரல், அதில் ஒன்று நம் வீட்டுக் குரல்

கேட்டியிலிருந்து (ஹூஸ்டன் பக்கம்), ஓர் அம்மா:

பிப்ரவரி வந்துவிட்டால் டெக்சஸில் பள்ளி இசையோடு தொடர்புள்ளவர்கள் பாதிப்பேர் சான் அன்டோனியோவில்தான் இருப்பார்கள். மாநில இசை ஆசிரியர் சங்கத்தின் மாநாடு அங்கே நான்கு நாள் நடக்கிறது. ஆசிரியர்களுக்கு அது மாநாடு. பிள்ளைகளுக்கும் நமக்கும் அது ‘ஆல் ஸ்டேட்’, மாநிலம் முழுவதிலிருந்தும் தேர்வான பிள்ளைகள் சேர்ந்து மேடையேறும் நிகழ்ச்சி. இந்த ஆண்டு என் மகள், ஆண் பெண் குரல்கள் சேர்ந்து பாடும் கலப்புக் குரல் கொயரில் (பாடகர் குழுவில்) பாடினாள். ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது, இன்னும் வீட்டில் வேறு பேச்சு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளின் கதையையும் சொல்லுங்கள்.

அவள் ஆறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்கிறாள். கொயரில் சேர்ந்தது ஒன்பதாம் வகுப்பில். முதல் மாதமே ஆசிரியை கூப்பிட்டு, “குரல் அழகாக இருக்கிறது, ஆனால் ஸ்கூப் செய்யாதே” என்று சொல்லியிருக்கிறார். ஒரு சுரத்தைக் கீழிருந்து வழுக்கிக்கொண்டு போய்ப் பிடிப்பதற்குத்தான் அந்தப் பெயர். ஐஸ்கிரீமைக் கரண்டியால் அள்ளுவது போல. பாட்டு டீச்சர் எட்டு வருடமாக “வெறும் சுரமாகப் பாடாதே, கமகம் எங்கே?” என்று எதற்காகத் திட்டினாரோ, அதைத்தான் இங்கே வேண்டாம் என்கிறார்கள். சனிக்கிழமை காலை ஒரு சட்டம், திங்கட்கிழமை காலை வேறொரு சட்டம். குழந்தை என்ன செய்யும்?

தேர்வு பல சுற்று. முதலில் வட்டார அளவில், பிறகு பெரிய பகுதி அளவில், ஜனவரியில் கடைசிச் சுற்று. பிள்ளைக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். திரைக்கு அந்தப் பக்கம் நடுவர்கள். யார் பிள்ளை, எந்தப் பள்ளி, என்ன நிறம் என்று எதுவும் அவர்களுக்குத் தெரியாது. இருமல்கூட ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அறைக்குள் நுழையும்போதே இவள் வாயைப் பொத்திக்கொண்டாளாம். முதல் சுற்றுக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவாகத்தான் கடைசிவரை தேறுகிறார்கள்.

சனிக்கிழமை கச்சேரி லைலா காக்ரெல் அரங்கில். அந்த ஊரின் முதல் பெண் மேயர் பெயரில் அமைந்த அரங்கம். வெளிச் சுவரில் ஹுவான் ஓ’கோர்மன் செய்த மிகப் பெரிய மொசைக் ஓவியம் இருக்கிறது, 1968 உலகக் கண்காட்சிக்காகச் செய்தது. உள்ளே போகும் அவசரத்தில் தவறவிட்டுவிடாதீர்கள். படிமேடையில் இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், எல்லோரும் கறுப்பு உடையில். என் மகள் எங்கே என்று கண்ணால் கண்டுபிடிக்கவே முதல் பாட்டு முடிந்துவிட்டது. காதால் கண்டுபிடிக்க முயன்றேன், கடைசிவரை முடியவில்லை. அவள் பாட்டைக் கேட்கத்தான் மூன்று மணி நேரம் கார் ஓட்டி, டிக்கெட் வாங்கி, ஹோட்டலுக்குக் கொட்டிக்கொடுத்து வந்தேன். அவள் குரல் மட்டும் கேட்கவில்லை! வெளியே வந்ததும் இதைச் சொன்னேன். “அம்மா, கேட்டிருந்தால்தான் தப்பு” என்றாள்.

ஃபிரிஸ்கோவிலிருந்து, ஓர் அப்பா:

வாழ்த்துகள், சகோதரி. நான் பாட்டில் பூஜ்யம். பிள்ளைகளோடு துணைக்குப் போன பெற்றோரில் ஒருவன், அவ்வளவுதான். இரவு பத்தரைக்கு எல்லோரையும் அறைக்குள் அனுப்பிவிட்டு, ஒவ்வொரு கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு துண்டு டேப் ஒட்டவேண்டும். காலையில் டேப் கிழிந்திருந்தால் யாரோ வெளியே போயிருக்கிறார்கள் என்று பொருள். நான் ஒட்டிய டேப் ஒன்று காலையில் கிழிந்திருந்தது. விசாரணை நடந்தது. பையன் இரவு ஒரு மணிக்கு ஐஸ் எடுக்கப் போனானாம். பகல் முழுக்க ஒத்திகை பார்த்துத் தொண்டை எரிகிறது, ஐஸ் வேண்டும் என்கிறான். பாடுகிற பையன் ஐஸ் தின்னலாமா என்று என் பாட்டி கேட்டிருந்தால் அவனைத் தூணில் கட்டிவைத்திருப்பாள்.

இன்னொன்று. மதியம் ஆற்றங்கரை நடைபாதையில் எந்த உணவகத்துக்கும் போகமுடியாது, அவ்வளவு கூட்டம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையைக் கல் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். என் மகன் தலை தெறிக்க ஓடிவிட்டான். அவனுடைய நண்பர்கள் மூன்று பேர் ஓடவில்லை. டப்பா காலி.

லபக்கிலிருந்து, பல்கலைக்கழக மாணவன்:

அக்கா, கமகத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். நானும் வாய்ப்பாட்டு கற்றவன்தான், பதினொன்றாம் வகுப்பில் கடைசிச் சுற்றில் கவிழ்ந்தேன். கவிழ்த்தது கமகம் இல்லை, சைட் ரீடிங். முன்பின் பார்த்திராத ஒரு வரி நோட்டேஷனைக் கையில் கொடுப்பார்கள், பார்க்கச் சில நொடி, பிறகு துணைக் கருவி எதுவும் இல்லாமல் பாடவேண்டும். நம் பழக்கம் குருவின் வாயைப் பார்த்துப் பாடுவது. எழுத்தைப் பார்த்துப் பாடுவது இல்லை. எனக்கு இருநூறு கீர்த்தனை மனப்பாடம். எட்டு தாள அளவு கொண்ட ஒரு துண்டைப் படிக்கத் தெரியவில்லை.

ஆனால் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. டெக்சஸ் பள்ளிகளில் ‘டோ’ இடம் மாறும். எந்தச் சுருதியில் தொடங்கினாலும் அதுதான் டோ. அது நம் ‘ச’ இல்லாமல் வேறென்ன? ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கை முத்திரை வேறு வைத்திருக்கிறார்கள். டோவுக்கு மடக்கிய முட்டி, மீக்குத் தட்டையாக விரித்த உள்ளங்கை. பக்கத்துப் பையன் ஆறு மாதம் திணறினான். நான் ஒரே வாரத்தில் மாயாமாளவகௌளை ராகத்துக்குக் கை முத்திரை போட்டுக் காட்டினேன். ரியையும் தாவையும் அரைப்படி இறக்கவேண்டும், அதற்கும் அவர்களிடம் பெயர் இருக்கிறது: ‘ரா’, ‘லே’.

பள்ளியில் கிடைக்காதது கல்லூரியில் கிடைத்தது. படிப்பது பொறியியல், ஆனாலும் எங்கள் பல்கலைக்கழக கொயரில் இடம் கிடைத்தது. ஒரு வருடம் மாநாட்டில் பாட எங்கள் குழு தேர்வானது. அந்தத் தேர்வு முழுக்க ஒலிப்பதிவை வைத்துத்தான். பல்கலைக்கழகங்களுக்கு அங்கே பாடுவது கௌரவம் மட்டுமல்ல, ஆள் பிடிக்கும் வேலையும்கூட. கேட்க உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள்தான் அடுத்த வருடம் நல்ல மாணவர்களை எந்தக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்று வழிகாட்டுகிறவர்கள்.

ஒத்திகையில் முதல் நாளிலிருந்து ஒரே பாட்டு: முழங்காலை விறைக்காதே. படிமேடையில் காலை விறைத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் அரைமணி நேரம் நின்றால் தலை சுற்றும். எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாம் பாட்டில் மெதுவான ஒரு நீண்ட சுரம். அதன் அழகில் நான் காலை மறந்தேன். முதலில் வலது காதில் ஒலி போயிற்று. பிறகு நடத்துபவரின் கை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பேஸ் குரல்காரன் பாடிக்கொண்டே என் கோட்டின் பின்புறத்தைப் பிடித்து மெல்ல உட்காரவைத்தான். அவன் ஒரு சுரம்கூட விடவில்லை. நான் இரண்டு பாட்டை மற்றவர்களின் காலணிகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி கேட்டேன். உண்மையைச் சொன்னால், ஒரு கொயரைக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆஸ்டினிலிருந்து:

எங்கள் கதை சின்னது. மகனுக்கு இடம் கிடைத்த வருடம் 2021. கொரோனா காரணமாக மாநாடே இணையவழியில்தான் நடந்தது. திரைக்குப் பின்னால் நடுவரும் இல்லை, மேடையும் இல்லை. பாட்டைத் தன் அறையில், குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, நாயைத் தோட்டத்தில் விட்டுவிட்டுப் பதிவு செய்து அனுப்பினான். துணிச் சின்னம் கிடைத்தது, லெட்டர் ஜாக்கெட்டில் (பள்ளிச் சாதனைச் சின்னங்களைத் தைத்துக்கொள்ளும் மேல்சட்டை) தைத்துக் கொடுத்தேன். அந்த ஜாக்கெட்டை அவன் அதிகம் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அலமாரியில் தொங்குகிறது.

லூயிவில், கென்டக்கியிலிருந்து:

டெக்சஸ்காரர்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் எப்படி? எங்கள் மாநில இசை ஆசிரியர் மாநாடும் பிப்ரவரியில்தான், இதே ஊரில்.

ஊரில் நான் பாளையங்கோட்டைப் பக்கம். எங்கள் கோவில் (சர்ச்) பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களில் உயர்ந்த குரல். டோ, ரே, மீ என்று எழுத்தில் எழுதிய நோட்டேஷனைப் பார்த்து கிறிஸ்துமஸ் கீதம் கற்றவன். லபக் தம்பி சொல்லும் கை முத்திரைகளையும் அந்த எழுத்து முறையையும் பரப்பியவர் ஒருவரே, ஜான் கர்வன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரே மனிதரின் வேலை நெல்லைச் சீமைக்கும் டெக்சஸ் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கிறது. அதனால் “நம்மவர்களுக்குச் சேர்ந்து பாடத் தெரியாது” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சென்னையில் எம்.பி. சீனிவாசன் இளைஞர் சேர்ந்திசைக் குழு நடத்தினாரே, அது எந்தக் கணக்கு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆல் ஸ்டேட் கொயர் பிள்ளைகள் ஹயாத் ஹோட்டலில் தங்குவது வழக்கம். 18 மாடி. நடுவில் கூரைவரை வெற்றிடம், அறைக்கதவுகள் எல்லாம் அந்த வெற்றிடத்தைப் பார்த்த நடைபாதைகளில் திறக்கும். இரவு அறைக்குள் அடங்கும் நேரத்துக்கு முன் பிள்ளைகள் வெளியே வந்து கைப்பிடிச் சுவரோரம் நிற்பார்கள். கீழே லாபியில் ஒருவர் கையசைக்க, எல்லா மாடிகளிலிருந்தும் அமெரிக்க தேசிய கீதத்தை நான்கு குரலில் பாடுவார்கள். இந்தக் காட்சி இணையத்தில் பல லட்சம் பேர் பார்த்தது, நீங்களும் பார்த்திருக்கலாம். ஆனால் காணொளியில் ஒன்று கிடைக்காது. மேல்மாடிக் குரல் கீழே வந்து சேர ஒரு கணம் தாமதமாகும். லாபியில் நின்றால் கடைசிச் சுரம் ஒரே நேரத்தில் முடியாது. மேலேயிருந்து கீழே இறங்கி வந்து முடியும். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு அறைச் சாவி வாங்க நின்ற வெளியூர் விருந்தாளி ஒருவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவருக்கு எதுவும் தெரியாது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, மேலே பார்க்கலாமா நேரே பார்க்கலாமா என்று புரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

ப்ளேனோவிலிருந்து:

என் மகள் கொயரில் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. நான்தான் மாட்டிக்கொண்டேன்.

பக்கத்துப் பள்ளியின் குழு மாநாட்டில் பாடத் தேர்வாகியிருந்தது. கடைசிப் பாட்டாக ஈதன் ஸ்பெர்ரி சேர்ந்திசைக்கு அமைத்த ‘பல்லேலக்கா’. ஆம், ‘சிவாஜி’ படத்துக்காக நா. முத்துக்குமார் எழுதி ரஹ்மான் இசையமைத்த அதே பாட்டு. அமெரிக்கக் கொயர்களில் இது நல்ல புழக்கத்தில் இருக்கிறது, தமிழர்களில் பலருக்குத் தெரியாது. உச்சரிப்பு பார்க்கத் தமிழ் தெரிந்த யாராவது வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

அறுபது பிள்ளைகள், ஒரு தமிழ்ப் பிள்ளைகூட இல்லை. கையிலிருந்த தாளில் தமிழ் ஆங்கில எழுத்தில் இருந்தது. ந, ன, ண மூன்றுக்கும் ஒரே எழுத்து, ல, ள இரண்டுக்கும் ஒரே எழுத்து. நாக்கை எங்கே வைக்கவேண்டும் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடமாகப் பேசுகிற மொழியில் என் நாக்கு எங்கே போகிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ‘ள’வைச் சொல்லிச் சொல்லி, கைபேசிக் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்து, “மேலண்ணத்துக்கு, கொஞ்சம் பின்னால்” என்றேன். அறுபது வாய்களும் திறந்தன. சோப்ரானோ வரிசையில் ஒரு பெண் இரண்டாம் முறையே பிடித்துவிட்டாள். என் சொந்த மகளுக்கு அது இன்னும் வரவில்லை.

அப்போது ஒரு பையன் கையைத் தூக்கினான். “மேடம், பல்லேலக்கா என்றால் என்ன பொருள்?”

அறுபது பேரும் பென்சிலைத் தாளில் வைத்துக் காத்திருந்தார்கள். எழுதிக்கொள்ள. ஆசிரியரும்தான். நாளை சொல்கிறேன் என்று தப்பித்து வந்து, மதுரையில் அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே விடியற்காலை. “இதைக் கேட்கவா எழுப்பினாய்?” என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அம்மாவை எழுப்பினார்.

கேட்டியிலிருந்து, மீண்டும்:

ப்ளேனோ தோழிக்கு: அம்மா என்ன சொன்னார்? அதைச் சொல்லாமல் நிறுத்திவிட்டீர்களே. என் மகளின் கொயர் ஆசிரியை அடுத்த ஆண்டுக்கு அதே பாட்டைத்தான் பார்த்துவைத்திருக்கிறார்.