மீட்டரில் 12, ஸ்கோப்பில் 17: எது சரி?

கேள்வி:
டிப்ளமோ இரண்டாம் வருடம் படிக்கிறேன். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை மல்டிமீட்டரில் அளந்தால் 12 காட்டுகிறது. அதையே ஆசிலாஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) பார்த்தால் உச்சி 17 வோல்ட்டைத் தொடுகிறது. ஸ்கோப்பின் ப்ரோப் (அளக்கும் ஒயர்) பழுதா?

பதில் 1:
ப்ரோப் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. சைன் அலையின் (வளைந்து ஏறி இறங்கும் அலை) உச்சியை 1.414-ஆல் வகுத்தால் வருவது ஆர்எம்எஸ். மீட்டர் சொல்வது அதைத்தான். அதே சூட்டைத் தரக்கூடிய டிசி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு 230 வோல்ட்டும் உச்சியில் 325. திரையில் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட் ஆகிறதா பாருங்கள், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்.

கேட்டவர்:
சரியாக 20 வருகிறது அண்ணா. ஆனால் நேற்று கரண்ட் போனபோது இன்வர்ட்டரில் இதே மீட்டர் 255 காட்டியதே?

பதில் 2:
சதுர அலை இன்வர்ட்டராக இருக்கும். சாதா மீட்டர் சராசரியை எடுத்து, வருவது சைன் என்று நம்பி 1.11-ஆல் பெருக்கிவிடும். 230-ஐப் பெருக்கிப் பாருங்கள், 255. சதுர அலையில் உச்சியும் ஆர்எம்எஸ்ஸும் ஒன்றுதான். இது தெரியாமல் நல்ல போர்டு ஒன்றைக் கழற்றிப் போட்டவன் நான். அலை எந்த வடிவில் இருந்தாலும் ஆர்எம்எஸ்ஸைச் சரியாகக் காட்டும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் வாங்குங்கள். அப்புறம், ஸ்கோப்பை நேராக மெயின்ஸில் மாட்டிவிடாதீர்கள்; ப்ரோப்பின் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது, வெடித்துவிடும்.