ஜூனில் கல்லூரிக் கட்டணம்: ஸ்மால்கேப் ஃபண்டில் இருக்கும் பணத்தை எப்போது எடுப்பது?

வணக்கம். மகளின் கல்லூரிக்கு வரும் ஜூனில் 10 லட்சம் வேண்டும். அந்தப் பணம் முழுவதும் ஒரு ஸ்மால்கேப் ஃபண்டில் (சிறிய நிறுவனப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) இருக்கிறது. அதில் லாபம் சுமார் 3.5 லட்சம். எல்லா யூனிட்டும் ஒரு வருடம் தாண்டியவை, எக்ஸிட் லோடு (பணத்தை எடுக்கும்போது பிடிக்கும் கட்டணம்) கிடையாது. ஊர் மதுரை.

சந்தை எந்தப் பக்கம் போகும் என்று பிடிபடவில்லை. 2024 செப்டம்பரில் 26,200ஐத் தாண்டிய நிஃப்டி பங்குக் குறியீடு, 2025 ஏப்ரலில் 22,000க்குக் கீழே போய் வந்தது. ஸ்மால்கேப் அதைவிட மோசமாக அடி வாங்கியது. அப்படி ஒரு சரிவு இப்போது வந்தால் மீண்டு வர எனக்கு அவகாசம் இல்லை.

வங்கியில் கேட்டேன், "நீண்ட காலத்துக்கு வைத்திருங்கள்" என்றார்கள். ஜூன் எப்படி நீண்ட காலம் ஆகும்? டிவி நிபுணர்கள் ஆளுக்கொரு இலக்கு சொல்கிறார்கள். ஃபண்ட் வெளியிடும் ஸ்ட்ரெஸ் டெஸ்டையும் பார்த்தேன். போர்ட்ஃபோலியோவில் பாதியை விற்க எத்தனை நாள் ஆகும் என்று அதில் தெரிகிறது, விலை எங்கே போகும் என்று தெரியவில்லை.

வரிக் கணக்கும் போட்டேன். நீண்டகால லாபத்தில் நிதியாண்டுக்கு (ஏப்ரல் முதல் மார்ச் வரை) 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5%. பாதியை மார்ச் 31க்குள்ளும் மீதியை ஏப்ரலிலும் எடுத்தால் 15,625 ரூபாய் மிச்சமாகும். ஆனால் ஏப்ரலுக்குள் சந்தை 10% விழுந்தால், காத்திருக்கும் பாதியில் மட்டும் 50,000 போய்விடும்.

முழுவதையும் இப்போதே எடுத்து லிக்விட் ஃபண்டில் (விலை அதிகம் ஆடாத, குறுகியகாலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) போடுவதா, வரிக்காகப் பாதியை ஏப்ரல் வரை விட்டுவைப்பதா, என் நிலையில் நீங்கள் எதைச் செய்வீர்கள்?