‘காதலிக்க நேரமில்லை’ இப்போது பார்த்தாலும் சிரிப்பு வருகிறதா? உங்கள் அனுபவம்?

கோவைக்காரன்:
போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். 1964ல் ஸ்ரீதர் எடுத்த படம், சித்ராலயா கோபுவின் நகைச்சுவை. பிளஸ் டூ படிக்கும் என் மகள் கையில் போனோடுதான் உட்கார்ந்தாள். வேலை போன ரவிச்சந்திரன் முதலாளி பாலையாவின் வீட்டு எதிரிலேயே கூடாரம் போட்டு ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ என்று பாடும்போது ஒருமுறை நிமிர்ந்தாள், அவ்வளவுதான்.

அப்புறம் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடம் வந்தது. மகன் கதை சொல்கிறான், அப்பா கேட்கிறார். சத்தங்களையெல்லாம் நாகேஷ் வாயாலேயே கொடுக்கிறார். பேய் எதுவும் கண்ணில் காட்டப்படுவதில்லை. மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அப்பா, அந்த அப்பாவோட மூஞ்சியைப் பாருங்க” என்றாள். இத்தனை வருஷமும் நான் அந்தக் காட்சியில் நாகேஷைத்தான் பார்த்து வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பாலையாவை முழுசாகப் பார்த்தேன். கண் விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது, பெரிய எஸ்டேட் முதலாளி கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையாகிறார். அவர் நிஜமாகவே பயப்படுவதால்தான் நாகேஷ் எடுபடுகிறார். இப்படிக் காது கொடுத்துக் கேட்கும் நடிகர் இருக்கும் வரை அந்தக் காட்சி பழசாகாது என்பது என் கருத்து.

முத்துராமன் ரவிச்சந்திரனின் பணக்கார அப்பா மாதிரி வேஷம் போட்டு வந்த பிறகு படம் இழுவை என்கிறாள் மனைவி. அதை நான் மறுக்க மாட்டேன்.

தாம்பரம் வாசகி:
எனக்கு இழுவை முதல் பாதியில்தான் இருந்தது. ஹாஸ்டல் தோழிகளோடு பார்த்தேன். ‘உங்க பொன்னான கைகள்’ பாட்டு வந்ததும் அறையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. மெட்டு எவ்வளவு துள்ளலாக இருந்தாலும், தெரியாத பெண்களை வழியில் சீண்டுவதை ரசிக்க முடியவில்லை. பஸ்ஸில் தினமும் அதைத்தான் பார்க்கிறோம். காலம் அப்படி என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் வேலையை விட்டுத் துரத்திய அதே பையன் பெரிய பணக்காரரின் மகன் என்று நம்பியதும் பாலையா குழைவார் பாருங்கள், அங்கே எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். சம்பந்தி வசதியானவர் என்று தெரிந்ததும் குரல் மாறுகிற பெரியவர்கள் எங்கள் ஒவ்வொருத்தி வீட்டிலும் உண்டு. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

புனேவிலிருந்து:
எங்கள் அலுவலகத்தில் இதே சண்டை வேறு மாதிரி நடந்தது. ஸ்ரீதரே 1966ல் இதை இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என்று எடுத்தார். நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். பேய்க்கதை என்றாலே மெஹ்மூத்தான் என்று உடன் வேலை பார்க்கும் மராட்டிய நண்பர் அடித்துச் சொல்ல, மதிய இடைவேளையில் இரண்டையும் அடுத்தடுத்து ஓட விட்டேன். தமிழ் தெரியாமலே நாகேஷுக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இருந்தாலும் மெஹ்மூத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சின்ன வயசில் அப்பாவோடு பார்த்தது அதைத்தானாம்.

பேய்க்கதையைத் துண்டாகப் பார்த்துவிட்டுப் படத்தைப் பற்றி முடிவு கட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படம் எடுக்கப் பணம் கேட்டு அப்பாவை நச்சரித்து, கம்பெனிக்கு ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பேரும் வைத்து, சச்சுவைக் கதாநாயகியாக்கக் கிளம்புகிற செல்லப்பாவை, அதாவது நாகேஷின் பாத்திரத்தை, தெரிந்துகொண்ட பிறகு கேட்டால்தான் அந்தக் கதையின் முழு ருசி தெரியும்.