பனி விளையாட்டு உறைகள்: தபாலில் போகாத உறையைச் சேர்க்கலாமா?

மாட்டுங்கா வாசி:
குளிர்கால ஒலிம்பிக் உறைகளைச் சேர்க்க ஆரம்பித்திருக்கும் தம்பி ஒருவர் நேற்று இங்கே கேட்டிருந்தார். ஃபோர்ட் பக்கம் ஒரு வியாபாரியிடம் முகவரி எழுதாத, படம் போட்ட முதல் நாள் உறைகள் (ஸ்டாம்ப் வெளியான நாளின் தபால் முத்திரை குத்தியவை) கட்டாகக் கிடைக்கின்றனவாம், வாங்கலாமா என்று. வேண்டாம் தம்பி. உறை என்றால் தபாலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

1924 ஷமோனியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர், ஜனவரி 25 முதல் பிப்ரவரி 5 வரை. பிரான்ஸ் அந்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது, ஷமோனிக்கு ஒன்றும் இல்லை. குளிர்கால ஒலிம்பிக்குக்கென்று முதல் ஸ்டாம்ப் 1932இல்தான் வந்தது, அமெரிக்காவின் லேக் பிளாசிட் 2 சென்ட். அதற்கு முந்தைய கதையை எதை வைத்துச் சொல்வது? அந்த நாட்களில் ஷமோனியிலிருந்து யாரோ யாருக்கோ போட்ட சாதாரண உறையை வைத்துத்தான். அதில் பனிச்சறுக்குப் படம் இருக்காது. முத்திரையில் ஊர்ப் பெயரும் தேதியும் இருக்கும், அது போதும்.

செம்பூர் வித்யா:
சார், ஷமோனி உறையை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காகப் படம் போட்ட உறையை ஒதுக்கிப் பேசுவதை ஏற்க மாட்டேன். அமெரிக்காவில் 1923இல் ஜார்ஜ் லின் என்பவர் அதிபர் ஹார்டிங் நினைவு ஸ்டாம்புக்கான முதல் நாள் உறையில் அச்சடித்ததிலிருந்து எண்ணினால், இது நூறு வருடம் தாண்டிய கலை. நீங்கள் சொன்ன அதே லேக் பிளாசிட் ஸ்டாம்புக்கு ஆளாளுக்கு ஒரு படம் போட்டு முதல் நாள் உறை வந்தது. அந்தப் படங்களுக்காகவே அவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மும்பைப் பிள்ளைகள் பனியை எங்கே பார்த்தார்கள்? என் மகள் லூஜ் என்ற விளையாட்டைத் தெரிந்துகொண்டதே ஒரு உறையின் இடது பக்கப் படத்தில்தான். வீரர் மல்லாந்து படுத்து, கால் முன்னால் நீட்டி, தலையை லேசாகத் தூக்கி வழி பார்க்கிறார். “இதில் நம்மவர் யாராவது உண்டா?” என்று கேட்டாள். 1998 நாகானோ முதல் 2018 பியோங்சாங் வரை ஆறு ஒலிம்பிக்கில் சறுக்கிய சிவா கேசவனைப் பற்றிச் சொன்னேன். வெறும் முத்திரையைக் காட்டியிருந்தால் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

டோம்பிவிலி சேகர்:
கண்காட்சிக்கு வைப்பதாக இருந்தால் ஒரு விஷயம். சர்வதேச தீமேட்டிக் (ஒரே கருப்பொருளில் சேர்க்கும் பிரிவு) விதிகளில் தனியார் அச்சடித்த படத்துக்கு மதிப்பு இல்லை. ஸ்டாம்பும் முத்திரையும்தான் கணக்கு. வீட்டு ஆல்பம் என்றால் அவரவர் இஷ்டம். ஆனால் அந்தக் கட்டில் அஜ்மான், ஃபுஜைரா பெயர் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும், பனியே விழாத அந்த வளைகுடா நாடுகளின் பெயரில் கிரெனோபிள், சப்போரோ குளிர்கால ஒலிம்பிக் ஸ்டாம்புகளைச் சேகரிப்பவர்களுக்காகவே அடித்துத் தள்ளினார்கள்.

மாட்டுங்கா வாசி:
வித்யா மேடம், சிவா கேசவனையே எடுங்கள். 2014 சோச்சியில் அவர் போட்டி பிப்ரவரி 8, 9. அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால் நம் கொடி கிடையாது, ஒலிம்பிக் கொடியின் கீழ்தான் சறுக்கினார். 11ஆம் தேதி தடை நீங்கியது, நிறைவு விழாவில் நம் கொடி வந்தது. சோச்சி முத்திரை 9ஆம் தேதியில் ஒன்று, 12ஆம் தேதியில் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தப் படம் இதைச் சொல்லும்? மாஸ்கோவில் யாரோ வரைந்த பனிக்கரடிக்கு இந்தக் கதை தெரியுமா?

செம்பூர் வித்யா:
கதையை முத்திரை சொல்லவில்லை சார், நீங்கள் சொல்கிறீர்கள். கீழே நாலு வரி எழுதினால்தானே பார்க்கிறவருக்குப் புரியும்? அப்புறம், சோச்சியிலிருந்து மாட்டுங்காவுக்கு அந்த உறையை யார் அனுப்பினார்கள்? சேகரிக்கிற ஒருவர் இன்னொரு சேகரிப்பாளருக்கு, முத்திரைக்காகவே போட்டது. உள்ளே கடிதம்கூட இருக்காது, முத்திரை சமமாக விழ ஓர் அட்டைதான் இருக்கும். அது அசல், என்னுடையது அலங்காரமா?

இங்கே தபாலில் போடுவதும் சுலபமில்லை. 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும், சின்ன உறையில் அதற்குப் படத்தின் மேல்தான் இடம். சாதாரணத் தபாலில் போட்டால் முத்திரை விழாமல் பால்பாயிண்ட் பேனாக் கோட்டோடு வரலாம். கூடவே மழைக்காலம். ஒரு ஜூலை தாண்டினால் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. கை படாத உறை கொஞ்ச காலம் கூடத் தாங்கும்.

மாட்டுங்கா வாசி:
புள்ளிக்கு பிவிசி கவரைத் தூக்கிப் போட்டுவிட்டு பாலியஸ்டர் கவர் வாங்குங்கள், ஒட்டும் மடிப்பின் அடியில் பட்டர் பேப்பர் வையுங்கள். அந்த பார்கோடும் பேனாக் கோடும் எனக்குக் குறையே இல்லை. 2025இல் தபால் இப்படித்தான் போனது என்பதற்கு அவைதான் சாட்சி. எனக்கு நானே அனுப்பினாலும் சரி, கட்டணம் கட்டி, பை மாறி, விமானம் ஏறி வந்த உறை அது. மேஜை மேல் முத்திரை குத்தி அப்படியே பிளாஸ்டிக்கில் போட்டதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

புதுசாகச் சேர்க்கும் தம்பி:
மூன்று பேருக்கும் நன்றி. கட்டில் 1964 இன்ஸ்ப்ருக் உறை ஒன்று இருக்கிறது. இந்தியா முதன்முதலில் போன குளிர்கால ஒலிம்பிக், நமக்காக ஜெரமி புஜாகோவ்ஸ்கி பனிச்சறுக்கில் களமிறங்கியது. படம் அருமையாக இருப்பதால் வித்யா அக்கா பக்கம் சாய்கிறேன்.

மாட்டுங்கா வாசி:
வாங்குங்கள், ஆனால் பணம் கொடுக்கும் முன் முத்திரையைப் படியுங்கள். ஆஸ்திரியா அந்த ஸ்டாம்புகளை 1963இலேயே வெளியிட்டுவிட்டது. போட்டி நடந்தது 1964 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 9 வரை. முதல் நாள் முத்திரை என்றால் அந்த உறை இன்ஸ்ப்ருக்கின் பனியையே பார்த்திருக்காது. இன்ஸ்ப்ருக் முத்திரை, அந்தத் தேதிகளுக்குள், யாருடைய முகவரியாவது எழுதி இருந்தால் நாலு காசு கூடக் கேட்டாலும் விடாதீர்கள்.

செம்பூர் வித்யா:
படமும் இருந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு தம்பி. இல்லாவிட்டாலும் அந்த 1963 உறையை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதே, நான் எடுத்துக்கொள்கிறேன்.