புதுப்பிப்பு: பிரெஞ்சோடு வரலாறும் மொழியியலும் எடுத்த முதல் ஆண்டு

பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகியவற்றோடு வரலாறும் மொழியியலும் சேர்த்து எடுத்தால் மொழித்திறன் பின்தங்குமா என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். மொழியை மட்டும் பிடித்துக்கொள்ளுமாறு பலர் அறிவுறுத்தினீர்கள். நான்கையும் எடுத்தேன். பேச்சுப் பயிற்சிக்கு நேரம் குறைந்தது உண்மைதான். ஸ்பானியத்தில் இன்னும் தயங்கித்தான் பேசுகிறேன்.

ஆனால் 842ஆம் ஆண்டில் லூயி, சார்லஸ் என்ற சகோதர மன்னர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்பதாக எடுத்த ஸ்திராஸ்பூர் உறுதிமொழியை மொழியியல் வகுப்பில் சொல் சொல்லாகப் பிரித்த நாளை மறக்க முடியாது. 'ப்ரோ தேயோ ஆமூர்' (கடவுளின் அன்பை முன்னிட்டு) என்று அது தொடங்குகிறது. இலத்தீனில் 'கடவுளின்' என்ற பொருளுக்கு 'தேயி' என்று வேற்றுமை ஏற்று வரவேண்டிய சொல் இங்கே 'தேயோ' என்றே நிற்பதில், இலத்தீன் கரைந்து பிரெஞ்சு உருவாவதைக் கண்ணெதிரே பார்த்தேன். ஜெர்மானிய மொழி பேசிய லூயி மன்னர் இதை ஏன் இலத்தீனிலிருந்து பிறந்த இந்தப் பேச்சுமொழியில் சொன்னார் என்பதற்கு இலக்கணத்தில் விடையில்லை. தம்பி சார்லசின் படைவீரர்களுக்குப் புரிய வேண்டும் என்பதே காரணம் என்று வரலாற்று வகுப்புதான் சொன்னது. 813இலேயே பிரான்சின் தூர் நகரில் கூடிய கிறித்தவ ஆயர்கள், மறையுரையை இலத்தீனில் அல்லாமல் மக்களுக்கு விளங்கும் மொழியில் ஆற்றப் பணித்திருந்ததையும் அங்கேதான் அறிந்தேன்.

ஆகவே இரண்டாம் ஆண்டிலும் வரலாற்றை விடவில்லை. பேச்சுக்காக நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.