ஒரே மரம், 5 ஏக்கர்

பெரிய மரங்களைப் பார்க்கவென்றே வண்டி கட்டிப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் இடம் திம்மம்மா மர்ரிமானு. ஆந்திராவில் கதிரிக்குச் சுமார் 25 கி.மீ. தள்ளி இருக்கும் ஆலமரம். வேலூரிலிருந்து காட்பாடி, சித்தூர், பீலேர், மதனப்பள்ளி வழியாகப் போனோம். 200 கி.மீ.க்கு மேல் வரும். சித்தூர் வரை வேறு மாநிலம் என்றே தோன்றாது. 1911 வரை நம்ம வட ஆற்காட்டுக்குத் தலைநகரே அதுதானே, டீக்கடையில் தமிழிலேயே கேட்கலாம். மதனப்பள்ளி தக்காளி லாரிகளைத் தாண்டிவிட்டால் அப்புறம் வெயிலும் பாறைக் குன்றும்தான்.

உள்ளே நுழைந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு சித்தி, "மரம் எங்கப்பா?" என்றார்.

"இதுதான் சித்தி."

"எது?"

"நாம பாக்கிறது எல்லாமே."

நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கே நின்றாலும் இதை ஒரு மரமாகப் பார்க்க முடியவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள் இறங்கி, ஒவ்வொன்றும் தனி மரம்போலப் பருத்து நிற்கின்றன. ஏறக்குறைய 5 ஏக்கர் நிழல். 1989 கின்னஸ் புத்தகத்தில் உலகின் மிகப் பெரிய ஆலமரமாக இடம்பிடித்தது. அதே 1989-இல்தான் நம்ம அடையாறு ஆலமரத்தின் அடிமரம் புயலில் சாய்ந்தது. கொல்கத்தாவை ஒட்டிய ஹவுரா மரத்துக்கு 1925-லேயே அடிமரத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். இரண்டும் விழுதுகளை ஊன்றிக்கொண்டு இன்றும் தழைத்து நிற்கின்றன.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இளம் விழுதுகள்தான். கிளையிலிருந்து மெல்லிய தாடிமயிராகத் தொங்குகிறவற்றை, இரண்டாகப் பிளந்த மூங்கிலுக்குள் மண்ணும் எருவும் அடைத்து, அதன் வழியே தரைக்கு இறக்குகிறார்கள். வறண்ட சீமை, சும்மா விட்டால் பாதியிலேயே காய்ந்துவிடும். விழுது எட்டாத கனத்த கிளைகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய மரத்துக்கு இப்படிப் பிள்ளை வளர்ப்பது மாதிரி வேலை நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

1434-இல் கணவரோடு உடன்கட்டை ஏறிய திம்மம்மாவின் சிதைக்கு நட்ட கம்பு துளிர்த்து வந்த மரம் என்பது ஊர்க் கதை. ஒரு பெண்ணை எரித்த கதையை என்னால் பக்தியோடு கேட்க முடியவில்லை. சித்தி மரத்தடிக் கோயிலில் குழந்தை இல்லாத தன் மகளுக்காக வேண்டிக்கொண்டார், அது அவர் விருப்பம். ஆனால் இலையைக் கிள்ளினாலே சாபம் என்ற பயம் அங்கே இருக்கிறதே, வேலியைவிட அதுதான் மரத்தைக் காத்திருக்கும் என்று தோன்றுகிறது.

போகிறவர்கள் கோடையைத் தவிர்த்துவிடுங்கள். சாப்பாடு கையில் இருக்கட்டும், ஆனால் குரங்கு கண்ணில் படாமல் பிரியுங்கள். நேரம் இருந்தால் திரும்பும்போது கதிரி நரசிம்மர் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம்.